எதிர்ப்புச் சக்தி வியாபாரம்

"எதிர்ப்புச் சக்தி" என்கின்ற வார்த்தையானது 2020ஆம் வருஷத்தில் கொரோனா வந்தது முதற்கொண்டு நம் நாட்டில் பட்டி தொட்டிகளில் எல்லாம் புழங்கி வருகின்றது. இஞ்சி டீ விற்கிறவர் அதைச் சொல்லுகிறார். பொடி விற்கிறவர் சொல்லுகிறார். ஜோசியர் சொல்லுகிறார். முன்பெல்லாம் "காற்றுக் கருப்பு அண்டாது" என்று சொல்லித் தாயத்துக் கட்டினவருங்கூட இப்போது "எதிர்ப்புச் சக்தி கூடும்" என்று சொல்லிக் கட்டுகிறார். சரக்கு பழைய சரக்குத்தான். மேலே ஒட்டுகின்ற சீட்டு மாத்திரம் புதிது. இவர்களில் எவரையாவது நிறுத்தி, "ஐயா, எதிர்ப்புச் சக்தி என்றால் என்ன? அது உடம்பில் எங்கே இருக்கிறது? கூடிற்று என்பதை எதைக் கொண்டு அளந்தீர்?" என்று கேட்டால் விழிப்பதைத் தவிர வேறு பதில் வராது.

இப்படிச் சொல்லி மற்றவர்களைப் பரிகாசம் செய்துவிட்டுப் போவது நமக்கு வெகு சுலபம். ஆனால் நமக்கு அந்த யோக்கியதை இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். ஏனென்றால் அந்தப் பொடியை நாமும் வாங்கினவர்தாம்.

விஷயம் இதுதான். 2018இல் நமது தங்கைக்குக் கைவிரல் மூட்டுகள் வீங்கி, காலையில் எழுந்தால் சீப்பைப் பிடித்துத் தலைவாரிக்கொள்ளவும் முடியாத நிலை வந்தது. பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, "இது முடக்குவாதம், உன் உடம்பின் பாதுகாப்புப் படையே உன் மூட்டை அந்நியனென்று நினைத்து அடிக்கிறது" என்று சொல்லி, வாரத்திற்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும்படி மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையும் கொடுத்தார்கள். நாலைந்து மாதத்தில் வீக்கம் வடிந்தது. அவள் பழையபடி தையல் மிஷினில் உட்கார்ந்தாள். பிறகு கொரோனா வந்தது. ஊரெல்லாம் எதிர்ப்புச் சக்தி, எதிர்ப்புச் சக்தி என்று கூச்சல். மேடையில் ஏறிக் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுக்கின்ற நாம், ஒரு கேள்வியுங் கேளாமல் ஒரு டப்பாப் பொடியை வாங்கிக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தோம். அவள் கேட்டாள்: "அண்ணா, இந்த மாத்திரையே எதிர்ப்பைக் குறைக்கத்தான் என்று டாக்டர் சொன்னார். நீங்கள் கூட்டுவதற்குப் பொடி வாங்கி வந்திருக்கிறீர்கள். இரண்டில் எது சரி?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் நாம் யோக்கியர். அப்படிச் சொல்லாமல், "டாக்டர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள், இந்தச் சமயத்தில் எதிர்ப்பைக் குறைக்கலாமா?" என்று சொல்லிவிட்டோம். அண்ணன் சொல்லுகிறார், அதுவும் நாலு பேருக்கு அறிவு சொல்லுகின்ற அண்ணன் சொல்லுகிறார் என்று அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வலது கையில் இரண்டு விரல்கள் கோணிப்போயிருந்தன. வீக்கம் பிறகு வடிந்தது. கோணல் நிமிரவில்லை.

பூசாரி சொன்னான் என்று செய்கிறவனுக்கும், விளம்பரம் சொல்லிற்று என்று செய்த நமக்கும் என்ன வித்தியாசம்? யாதொரு வித்தியாசமும் இல்லை. அன்றுதான் இந்தச் சங்கதியை அடியிலிருந்து படித்துவிடுவது என்று உட்கார்ந்தோம்.

நாம் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். நமக்கு இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆயினும் இந்தக் காலத்தில் அதைச் சாக்காகச் சொல்லுவதற்கில்லை. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் பாடப் புஸ்தகத்தில் "நோய்த்தடைக்காப்பியல்" என்று ஒரு பாடமே இருக்கிறது, தமிழில் இருக்கிறது, கைப்பேசியில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். (பெயரைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். உள்ளே இருக்கிற விஷயம் அந்தப் பெயரைவிடச் சுலபம்.) அதற்கு மேல் வேண்டுமானால் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்துகின்ற பாடங்கள் என்.பி.டி.இ.எல். என்ற பெயரில் வலைத்தளத்தில் வகுப்பு வகுப்பாகக் கிடைக்கின்றன, கேட்பதற்குக் கட்டணமில்லை. புரியாத இடத்தில் நிறுத்தி, திரும்பக் கேட்டு, நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி, ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ராசிபலன் பார்க்கின்ற அதே கைப்பேசிதான். இதில் நாம் தெரிந்துகொண்டதைத் தோழர்களுக்குச் சொல்லுவது கடமை என்றே இதை எழுதுகிறோம்.

முதலாவது, எதிர்ப்புச் சக்தி என்பது ஒரு சக்தியல்ல. எண்ணெய்யைப் போல் உடம்பில் இத்தனை படி என்று ஊற்றி வைத்திருக்கின்ற வஸ்துவும் அல்ல. அது ஒரு ஏற்பாடு. தோல் ஒரு மதில். இரைப்பையின் அமிலம் ஒரு காவல். இவற்றைத் தாண்டி வந்த கிருமியை விழுங்குவதற்கென்று சில வெள்ளணுக்கள் ரத்தத்திலும் சதையிலும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இதை 1882இல் இத்தாலி தேசத்து மெசினா ஊரில் மெச்னிகாவ் என்ற ரஷ்யர் கண்டார். அவர் செய்த சோதனைக்கு மாளிகையோ யந்திரமோ வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிபோல் உள்ளே தெரிகின்ற நட்சத்திர மீன் குஞ்சு ஒன்றின் உடம்பில் ஒரு சிறு முள்ளைக் குத்தி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் பார்த்தார். முள்ளைச் சுற்றிலும் அணுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. நம் காலில் முள் குத்தி மறுநாள் சிவந்து வீங்குகிறதே, அந்த வீக்கம் விஷமல்ல. படை வந்து இறங்கியிருக்கிறது என்பதே அதற்கு அர்த்தம்.

இந்தப் படை எல்லோர்க்கும் பொது. வந்தவன் எவன் என்று பெயர் பார்க்காது. இதற்குப் பின்னால் இன்னொரு படை இருக்கிறது. அது ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனி ஆளை வைத்திருக்கின்றது. ஒரு கிருமியை ஒரு தரம் கண்டால் பல வருஷம் ஞாபகம் வைத்துக்கொள்ளுகிறது. அதில் பி செல் என்பவை எதிர்ப்பொருள் என்ற ஒன்றைச் செய்து ரத்தத்தில் விடுகின்றன. அது பூட்டுக்குச் சாவிபோல் அந்த ஒரு கிருமிக்கே பொருந்தும். டி செல் என்பவை, கிருமி புகுந்துவிட்ட நமது அணுக்களையே கண்டுபிடித்து ஒழிக்கின்றன.

இவ்வளவு கோடி விதமான கிருமிகளுக்கு இவ்வளவு கோடிச் சாவிகளை உடம்பு எப்படி முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது என்பதுதான் பெரிய ஆச்சரியம். இந்த இடத்தில்தான் "பார்த்தீரா, எல்லாம் அவன் செயல்" என்று ஒருவர் குறுக்கே வருவார். சங்கதி வேறு. 1957இல் ஆஸ்திரேலியாவில் பர்னெட் என்பவர் ஒரு விளக்கஞ் சொன்னார். ஜப்பான் தேசத்து டோனகாவா என்பவர் அணுவுக்குள் அது எப்படி நடக்கிறது என்பதைப் பின்னால் காட்டி 1987இல் நோபல் பரிசு பெற்றார். உடம்பு எந்தக் கிருமியையும் நினைத்துச் சாவி செய்வதில்லை. மரபணுத் துண்டுகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் குலுக்கிக் கணக்கற்ற சாவிகளைக் கண்ணை மூடிக்கொண்டு செய்து தள்ளுகிறது. கிருமி வரும்போது தற்செயலாய் எது பொருந்துகிறதோ அதைப் பெருக்கிக்கொள்ளுகிறது. திட்டம் போட்டவர் எவரும் இதில் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு சாவி செய்தால் நம் வீட்டுப் பூட்டுக்கே பொருந்துகின்ற சாவியும் அதில் வந்துவிடாதா? வரும். அதற்காக மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. டி செல்களுக்கு அது பள்ளிக்கூடம். அங்கே பரீட்சை கடுமை. உபயோகமில்லாததும், சொந்த உடம்பையே தாக்கக்கூடியதும் அங்கேயே ஒழிக்கப்படுகின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தேறுவதில்லை. அப்படியும் சில தப்பி வெளியே வந்துவிடுகின்றன. அவற்றை அடக்கி வைப்பதற்கென்றே வேறு ஒரு வகை டி செல் உண்டு என்பதை ஜப்பானில் சகாகுச்சி என்பவர் 1995இல் எடுத்துக் காட்டினார். அதற்காக அவரும் அமெரிக்கர் இருவரும் 2025ஆம் வருஷத்து நோபல் பரிசைப் பெற்றார்கள். இந்த அடக்குதல் கெட்டுப்போனால் வருவதுதான் நமது தங்கைக்கு வந்தது.

ஊர்க் காவல்காரனை எடுத்துக்கொள்ளுவோம். அவனுக்கு வேண்டியது பெரிய தடி மட்டுமா? இருட்டில் வருகிறவன் ஊரானா, திருடனா என்று அடையாளந் தெரிகின்ற கண்ணல்லவா முக்கியம்? கண் மங்கினவன் கையில் இன்னும் பெரிய தடியைக் கொடுத்தால் அடிபடுகிறவன் யார்? இதை அறியாமல்தான் நாம் பொடி வாங்கினோம். அந்தப் பொடி எதிர்ப்பைக் கூட்டிற்று என்று நாம் சொல்லவில்லை. அது எதையும் கூட்டினதாகத் தெரியவில்லை. அது செய்த கேடெல்லாம் மாத்திரையை நிறுத்த வைத்ததுதான்.

அப்படியானால் எதிர்ப்பைக் கூட்டவே முடியாதா என்று கேட்கலாம். ஒரு குறிப்பிட்ட கிருமிக்கு எதிராகப் பழக்கி வைக்கலாம். அதற்குப் பெயர் தடுப்பூசி.

பெரியம்மையை அறியாத தமிழர் இல்லை. வந்தால் வேப்பிலை, "ஆத்தாள் இறங்கியிருக்கிறாள்" என்று மருந்து கொடாமல் வைப்பது, செத்தால் "ஆத்தாள் எடுத்துக்கொண்டாள்" என்பது. பிழைத்தவனுக்குக் கண் போயிருக்கும், அல்லது முகம் போயிருக்கும். இங்கிலாந்தில் 1774இல் ஜெஸ்டி என்ற ஒரு குடியானவர், பசுவம்மை வந்த பால்காரிகளுக்குப் பெரியம்மை வருவதில்லை என்பதைக் கவனித்து, பசுவம்மைச் சீழைத் தம் பெண்சாதிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் கீறி வைத்தார். அக்கம்பக்கத்தார் அவரை ஏசினார்கள். 22 வருஷங் கழித்து, 1796 மே 14இல் ஜென்னர் என்ற வைத்தியர் அதையே எட்டு வயதுப் பையனுக்குச் செய்து, பிறகு பெரியம்மைச் சீழையே குத்திச் சோதித்து, எழுதி அச்சிட்டு உலகத்துக்குக் கொடுத்தார். (இன்று எவராவது ஒரு பிள்ளையின் மேல் அப்படிச் சோதனை செய்தால் ஜெயிலுக்குத்தான் போவார். அது நியாயமும் ஆகும்.) இந்தியாவில் 1802 ஜூனில் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தைக்கு முதன்முதல் வைக்கப்பட்டது. 1899இல் சென்னை கிண்டியில் ஏற்பட்ட கிங் நிலையம், இந்த மாகாணத்துக்கு வேண்டிய அம்மைப்பாலைச் செய்து கொடுத்தது.

இதில் நம்மவர்களுக்கு உரிய பெருமையை மறைக்க வேண்டியதில்லை. ஜென்னருக்கு முன்பே வங்காளத்திலும், சீனத்திலும், துருக்கியிலும் அம்மைச் சீழையோ பொருக்கையோ கொண்டு இலேசாக நோயை வரவழைத்துக் காப்பது வழக்கமாயிருந்தது. அது சாதாரண ஜனங்கள் கண்ணால் பார்த்துக் கண்ட வழி; ஆபத்துள்ளதானாலும் அறிவுள்ள வழி. ஆனால் நமது பண்டிதர் சிலர் செய்தது என்னவென்றால், ஊசி வந்த பிறகு, "பசுவம்மை குத்துவது எங்கள் சாஸ்திரத்திலேயே இருக்கிறது" என்று ஒரு சுலோகத்தைக் காட்டினதுதான். அது பிற்காலத்தில் கட்டிச் சேர்த்த புரட்டு என்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியாயிற்று. கண்டுபிடித்தவனுக்கு ஏச்சு, எழுதிச் சேர்த்தவனுக்குப் பெருமை!

1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1977இல் சோமாலியாவில் தானாகத் தொற்றின கடைசி ஆளைக் கண்டார்கள். 1980இல் உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். கூழ் ஊற்றுவது இன்றும் நடக்கிறது. பெரியம்மை ஊற்றுவதால் போயிற்றா, குத்தினதால் போயிற்றா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

தடுப்பூசி, படையைப் பழக்குவது. பழக்க நேரமில்லாதபோது என்ன செய்வது? வேறு உடம்பில் செய்த எதிர்ப்பொருளைக் கடன் வாங்கிச் செலுத்துவது. 1890இல் பெர்லினில் பேரிங் என்ற ஜெர்மானியரும் கிடசாட்டோ என்ற ஜப்பானியரும் கண்ட வழி இது. தொண்டை அடைப்பான் வந்து மூச்சுமுட்டிச் சாகிற குழந்தைகள் இதனால் பிழைத்தார்கள். பாம்புக் கடிக்கு ஆஸ்பத்திரியில் போடுகின்ற மருந்தும் இதேதான். குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தைக் கொடுத்து, அதன் ரத்தத்தில் உண்டாகிற எதிர்ப்பொருளைப் பிரித்து எடுக்கிறார்கள். அந்த விஷம் எங்கிருந்து வருகிறது? மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இருளர்கள் நடத்துகின்ற கூட்டுறவுச் சங்கத்திலிருந்து இந்தியா பூராவுக்கும் போகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷத்தைக் கறந்து, மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். எந்த ஜாதியானைத் திண்ணையில் உட்கார வைக்க ஊரார் சம்மதிக்கவில்லையோ, அவன் பிடித்த பாம்பின் விஷத்தால்தான் ஊரார் பிள்ளை பிழைக்கிறது. மந்திரத்தால் விஷம் இறங்கிற்று என்று சொல்லப்படுகிற கேசுகளில் எல்லாம் கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கும். அல்லது கடித்த பாம்பு விஷத்தை இறக்காமல் விட்டிருக்கும்.

நாய்க் கடிக்கு இரண்டும் வேண்டும். 1885இல் பாஸ்டர் கண்ட வழியில் இன்றைய ஊசி, படையைப் பழக்குகிறது; கடி ஆழமாக இருந்தால் கடன் வாங்கின எதிர்ப்பொருளையும் புண்ணிலேயே போடுகிறார்கள். கடித்தவுடன் சோப்புப் போட்டுத் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. "பார்வை பார்க்கிறவரிடம்" போய் வீணாக்குகிற நாட்கள்தாம் உயிரை வாங்குகின்றன. இதை வாசிக்கிற தோழர்கள் மற்றதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

இனி இக்காலத்து வைத்தியத்துக்கு வருவோம். 1975இல் கேம்பிரிட்ஜில் கோஹ்லர், மில்ஸ்டைன் என்ற இருவர், நாம் வேண்டுகின்ற ஒரே விதமான எதிர்ப்பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் செய்துகொள்ளும் வழியைக் கண்டார்கள். அதற்குப் பேடண்ட் வாங்கப்படவில்லை. இன்று "மேப்" என்று முடிகின்ற பெயருள்ள மருந்துகள் எல்லாம் அதன் பிள்ளைகள். 1992இல் லண்டனில் ஃபெல்ட்மன், மெய்னி என்பவர்கள் முடக்குவாதக்காரருக்கு இத்தகைய மருந்தைக் கொடுத்து, வீக்கத்தை மூட்டுகின்ற டி.என்.எஃப். என்ற ஒரு பொருளை மட்டும் பிடித்துக் கட்டினால் நோய் அடங்குவதைக் காட்டினார்கள். எதிர்ப்பு முழுவதையும் குறைப்பதற்குப் பதிலாக, தப்பாகப் போகிற ஒரு கையை மாத்திரம் பிடிப்பது.

புற்றுநோயில் கதை தலைகீழ். அங்கே படை சும்மா இருக்கிறது. காரணம், டி செல்லுக்கு இயற்கையாகவே உள்ள பிரேக்கை அந்த நோய் அழுத்திப் பிடித்துக்கொள்ளுகிறது. அமெரிக்காவில் ஆலிசனும் ஜப்பானில் ஹோன்ஜோவும் அந்தப் பிரேக்குகளைப் பற்றி ஆராய்ந்து 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். பிரேக்கை எடுத்துவிடுகிற மருந்து 2011 முதல் வந்திருக்கிறது. சாவு நிச்சயம் என்று விடப்பட்டவர்களில் சிலர் வருஷக்கணக்கில் வாழ்கிறார்கள், எல்லோருமல்ல, சிலரே. இதில் பொடி வியாபாரிகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. இந்த மருந்துதான் எதிர்ப்பை உண்மையாகவே கூட்டுகிற மருந்து. அதன் பக்க விளைவு என்ன? சிலருக்குக் குடல் புண்ணாகிறது, தைராய்டு கெடுகிறது, மூட்டு வீங்குகிறது. அதாவது சொந்த உடம்பையே படை தாக்குகிறது. அதனால்தான் டாக்டர்கள் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே கொடுக்கிறார்கள். உண்மையில் எதிர்ப்பைக் கூட்டுகிற சரக்கு இந்த டப்பாக்களில் இருக்குமானால் அதைச் சந்தையில் விற்க விடக்கூடாது. இல்லையானால் அப்படிச் சொல்லி விற்க விடக்கூடாது.

இதற்கும் மேலே ஒன்று. நோயாளியின் டி செல்லையே வெளியே எடுத்து, புற்று அணுவை அடையாளங் காணும்படி அதன் மரபணுவைத் திருத்தி, மறுபடி உள்ளே விடுகிறார்கள். 2012இல் பிலடெல்பியாவில் ரத்தப் புற்றால் சாகக் கிடந்த ஒரு சிறு பெண் இதனால் பிழைத்தாள். 2017இல் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தபோது ஒரு நோயாளிக்கு விலை 4,75,000 டாலர். 2023இல் இந்தியாவிலேயே, பம்பாய் ஐ.ஐ.டி.யில் பிறந்த இத்தகைய சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. விலை அமெரிக்காவில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் என்று அப்போது சொன்னார்கள். அந்தப் பத்தில் ஒரு பங்கே அப்போது ஏறக்குறைய நாற்பது லட்சம் ரூபாயாக இருந்தது.

நிற்க. "சாஸ்திரத்தை நம்பாதே என்கிறீர், டாக்டரை மட்டும் நம்பச் சொல்லுகிறீரே" என்று சிலர் நம்மைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். டாக்டர்களும் தப்புச் செய்திருக்கிறார்கள். மேலே சொன்ன தைமஸ் சுரப்பியை வெகு காலம் ஒன்றுக்கும் உதவாதது என்று நினைத்திருந்தார்கள். அது குழந்தைகளுக்குப் பெரிதாயிருப்பது ஆபத்தென்று கருதி, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு எக்ஸ்ரேயால் அதைச் சுருக்கினார்கள். அவர்களில் சிலருக்குப் பின்னால் தைராய்டில் புற்று வந்தது. இதைக் கண்டுபிடித்து அச்சில் போட்டவர்கள் யார்? டாக்டர்களேதாம். 1961இல் மில்லர் என்பவர் எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்த்துத்தான் அது எவ்வளவு முக்கியம் என்று காட்டினார். தப்பென்று கண்டதை அவர்களே எழுதி வைத்திருக்கிறபடியால்தான் நமக்கும் தெரிகிறது. நாம் நம்பச் சொல்லுவது ஆளையல்ல.

படித்துவிட்டோம் என்பதற்காக நாமே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் கிளம்ப வேண்டாம். நாம் படித்ததினால் ஏற்பட்ட லாபம் ஒன்றே. இப்போது தங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "இந்த மாத்திரை எதைத் தடுக்கிறது? ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை எப்போது?" என்று கேட்கத் தெரிகிறது. முதலில் முகத்தைச் சுளித்த டாக்டரம்மாள் இப்போது நின்று பதில் சொல்லுகிறார். கேள்விகளில் பாதியைத் தங்கையே கேட்கிறாள். மற்ற விரல்கள் கோணவில்லை. மாத்திரை போதாமற் போனால் அந்த "மேப்" ஊசி போடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஊசியின் விலையைக் கேட்டுவிட்டு அவள், "இரண்டு மாதம் நான் தைக்கிற கூலி அண்ணா" என்றாள்.

பேடண்ட் வாங்காமல் விட்ட ஒரு வழியில் செய்யப்படுகிற மருந்து தையற்காரிக்கு எட்டாத விலைக்கு எப்படி வந்தது, அதில் யார் யார் பங்கு எவ்வளவு என்பதைக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறோம். அதைப் பற்றி அடுத்த வாரம் எழுதுவோம்.